பொட்டு வைத்த யப்பான் கார்

சுன்னாகம் சந்தியைத் தாண்டுவதற்குள் கார் பரமலிங்கத்தை ஆறு தடவை ஏசிவிட்டது.

ஏசியது ஒரு பெண் குரல். யப்பான்காரி. முதலில் "பீப், பீப்" என்று முரட்டுத்தனமாக ஒரு சத்தம் வரும். அதன் பிறகு மிகவும் மரியாதையாக, நீளமாக ஏதோ ஒரு புத்திமதி. பரமலிங்கத்துக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் ஒரு பெண் பிள்ளை இவ்வளவு பணிவாகச் சொல்லும்போது பேசாமல் இருப்பது அழகில்லை என்று ஒவ்வொரு முறையும், "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றார்.

"என்னவாம் அவளுக்கு?" என்று பக்கத்து சீற்றிலிருந்து அவருடைய மனைவி செல்வநாயகி ரீச்சர் கேட்டார். மடியில் கீரிமலை நகுலேஸ்வரருக்கு அபிஷேகம் செய்யச் செம்பில் பால் வைத்திருந்தார்.

"ஸ்ரியரிங்கிலையிருந்து ரெண்டு கையையும் எடுக்க வேண்டாமாம் போலை கிடக்கு."

"கோயிலைக் கண்டா கையெடுத்துக் கும்பிடாமல் போறதோ? நல்ல கதை!"

சிக்கல் இதுதான். உடுவிலிலிருந்து கீரிமலைக்குப் போகும் வழியில் இருபத்து மூன்று கோயில்கள். மரத்தடிச் சூலங்களைச் சேர்க்காத கணக்கு இது. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்து நாலு வருடம் வரைபடம் கீறியவர் பரமலிங்கம். அவர் எண்ணினால் பிழைக்காது. இருபத்து மூன்று இடத்திலும் ஒரு நொடி கைகள் இரண்டும் நெஞ்சுக்கு நேரே கூடும். யாழ்ப்பாணத்தில் கார் ஓடுகிற அத்தனை பேரும் செய்வதுதான். அந்த ஒரு நொடிக்குக் காரைச் சாமி பார்த்துக்கொள்வார் என்று எல்லோருக்கும் தெரியும். யப்பான்காரிக்குத் தெரியவில்லை.

ஏழாவது கோயிலில் பரமலிங்கம் ஒற்றைக் கையால் கும்பிட்டார். கார் சும்மா இருந்தது. ரீச்சர் இருக்கவில்லை.

"சாமிக்குக் கையாட்டி ராட்டா காட்டுறியளோ?"

எட்டாவது கோயிலில் கைகளை ஸ்ரியரிங்கிலேயே விட்டுவிட்டுத் தலையை மட்டும் பக்தியோடு தாழ்த்தினார். அவர் தூங்கி விழுகிறார் என்று கார் முடிவு கட்டிவிட்டது. இன்னும் பெரிய சத்தம். கண்ணுக்கு முன்னால் ஆவி பறக்கும் கோப்பிக் கோப்பையின் படம் ஒன்று தோன்றியது.

"இதென்ன, காருக்குக் கோப்பி வேணுமாமோ?"

"எனக்காம். குடிச்சிட்டு ஓடட்டாம்."

"ஓடுங்கோ, ஓடுங்கோ. ஒரு தரம் நான் பயந்தாலும் பிறகு பஸ்தான். ஞாபகம் இருக்குத்தானே?"

ஞாபகம் இல்லாமல் எப்படிப் போகும்? அந்த ஒரு பேச்சில்தான் பரமலிங்கத்தின் மிச்ச வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது.

பரமலிங்கம் கனவு காண்கிற மனிதர். நித்திரையில் அல்ல, விழித்துக்கொண்டு. குடாநாட்டின் வரைபடத்தை எத்தனையோ தடவை கீறியவருக்கு ஒரு மனக்குறை இருந்தது: நீல மையால் கீற ஓர் ஆறு இல்லை. மழை பெய்தால் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை அவர் ஆறென்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே மனதுக்குள் தானே ஓர் ஆறு வெட்டத் தொடங்கினார். எங்கே வளைய வேண்டும், எந்தச் சந்தியில் பாலம் வேண்டும், எந்தப் பாலத்தில் நின்றால் மாலை வெயில் முகத்தில் படும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தார். கலியாணமான புதிதில் இதை மனைவியிடம் சொன்னார். கணக்குப் படிப்பித்த ரீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தண்ணி எங்கையிருந்து வரும்?" அதற்குப் பிறகு அவர் ஆற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெட்டுவதை நிறுத்தவுமில்லை.

கனவு வந்தால் அவருடைய கீழுதடு கொஞ்சம் இறங்கும். கண் திறந்தபடி இருக்கும். பார்வை மட்டும் ஊரில் இருக்காது. நாலு வருடத்துக்கு முன் அப்படி உதடு இறங்கிய ஒரு காலையில், பழைய கார் வீதியை விட்டு இறங்கி மார்க்கண்டுவின் வெங்காயத் தோட்டத்துக்குள் பதினாறு பாத்திகளைத் தாண்டிப் போய் நின்றது. செம்மண் அப்பிய சேலையோடு கதவைத் திறந்து இறங்கிய ரீச்சர், "இனி நீங்கள் ஓடுற காரிலை நான் ஏறமாட்டன்" என்றார். ஏறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ரீச்சர் பஸ்ஸில் கீரிமலைக்குப் போனார். பரமலிங்கம் வெறும் காரைக் கழுவித் துடைத்துவிட்டு வீட்டில் இருந்தார். பிறகு அதையும் விற்றார். ஒரு பெண் பக்கத்தில் இல்லாத கார் எவ்வளவு அகலமானது என்று அந்த நாலு வருடத்தில் அவருக்கு நன்றாக விளங்கியது.

லண்டனில் இருக்கிற மகள் ஆரணிதான் வழி சொன்னாள். "அப்பா, இப்ப வாற காருகள் தானே பாக்கும். கோட்டை விட்டு விலகினாத் திருப்பும். முன்னுக்கு ஆள் வந்தாத் தானே பிறேக் அடிக்கும். நீங்கள் கனவு கண்டா எழுப்பி விடும். இன்னும் கொஞ்சக் காலத்திலை ஆளே தேவையில்லை."

அப்படி ஒரு யப்பான் கார், கொஞ்சம் பாவித்தது, வந்து சேர்ந்தது. ரீச்சரும் இறங்கி வந்தார். "உங்களை நம்பி இல்லை. காரை நம்பி ஏறுறன்."

அந்தக் கார்தான் இப்போது மல்லாகத்தில் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது கோயிலுக்குப் பரமலிங்கம் புது உபாயம் கண்டுபிடித்திருந்தார். காரை ஓரமாக நிறுத்தி, இறங்கி, கும்பிட்டு, ஏறினார். பதின்மூன்றாவதற்கும் அப்படியே. பின்னால் வந்த மினிபஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. இந்த அவமானத்திலிருந்து தப்ப அவர் கொஞ்சம் வேகம் கூட்டியபோது, ஒழுங்கையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வாழைக்குலையோடு வெளிப்பட்டார். இரண்டு பக்கமும் பார்க்காமல், ஊர் வழக்கப்படி, நேரே குறுக்கே.

கார் தானாகவே பிறேக் அடித்தது. சும்மா அடி இல்லை. இருவரும் முன்னே போய்ப் பின்னே வந்தார்கள். செம்பில் இருந்த பால் போனது, திரும்பி வரவில்லை. சைக்கிள்காரரும் திகைத்து நடுவீதியில் நின்றுவிட்டார். அவருடைய ஆயுளில் எந்தக் காரும் அவருக்காக முழுதாக நின்றதில்லை.

ரீச்சரின் சேலையிலிருந்து பால் சொட்டியது. யப்பான்காரி பணிவாக ஏதோ சொன்னாள்.

"நீர் பயந்திட்டீரோ?" என்று பரமலிங்கம் கேட்டார்.

ரீச்சர் வெற்றுச் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார். "பால்தான் பயந்தது. அடுத்த வெள்ளியும் வாறன். அண்டைக்கும் இப்பிடி நடந்தா அதோடை கடைசி."

*

"பூசை செய்யாமல் ஓடினா வேறை என்ன நடக்கும்?" என்றார் உடுவில் பிள்ளையார் கோயில் ஐயர். "புது வாகனம். எங்கடை பழக்க வழக்கம் ஒண்டும் தெரியாது. பாவம், அது என்ன செய்யும்?"

பரமலிங்கத்துக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. வியாழக்கிழமை காலை காரைக் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம். ஒரு தேங்காய். ஒரு மாலை. ஐயர் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து காரின் முகத்தைப் பார்த்தார். நடுவில், கொம்பனியின் அடையாளம் வட்டமாக, பொட்டுக்கென்றே விட்டு வைத்த இடம்போல இருந்தது. அதில் உழுந்துவடை அளவுக்குச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். மேலே, முன்கண்ணாடியின் உச்சியில், ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி கண்ணாடிக்கு உள்ளே ஒட்டியிருந்தது.

"இதுதான் நெற்றி" என்று சொல்லி அதற்கு நேரே மூன்று விரலால் திருநீறு பூசினார்.

"இன்னும் கொஞ்சம் தடிப்பாப் பூசுங்கோ ஐயா" என்றார் ரீச்சர்.

காருக்குள்ளே ஒட்ட ஒரு பிள்ளையாரும் தந்தார். ஸ்ரியரிங்குக்குப் பின்னால் மினுங்கிக்கொண்டிருந்த சின்னக் கண்ணாடி வட்டத்துக்கு முன்னால் பிள்ளையார் அளவாகப் பொருந்தினார்.

மறுநாள் புறப்பட்டபோது ஒரு சின்னச் செம்மஞ்சள் விளக்கு புதிதாக எரிந்தது. "பாத்தீரே, விளக்கு வைச்சிருக்கு" என்றார் பரமலிங்கம். முதலாவது கோயில் வந்தது. பயந்து பயந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

சத்தமில்லை. இரண்டாவது கோயிலிலும் சத்தமில்லை. இருபத்து மூன்றிலும் இல்லை. யப்பான்காரி வாயே திறக்கவில்லை.

"ஆளுக்கு எங்கடை வழக்கம் விளங்கீட்டுது" என்றார் பரமலிங்கம் மனம் குளிர்ந்து. "ஒரு பொட்டு வைச்சாப் போதும், ஆர் எண்டாலும் எங்கடை ஆக்கள்தான்."

"உங்கடை காருக்கு நல்ல மூளை" என்றார் ரீச்சர், சீற் பெல்ற்றை இழுத்துச் சரிசெய்தபடி. அவருக்கு அந்த பெல்ற்றோடு ஓயாத சண்டை. சேலையைக் கசக்குதாம், நெஞ்சை நெரிக்குதாம்.

அன்று திரும்பி வரும் வழியில்தான் அந்த அதிசயம் முதன்முதலாக நடந்தது. தெல்லிப்பளை தாண்டியதும் வீதியில் வெயில் மெல்லியதாக விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் செம்மண். பரமலிங்கத்தின் ஆறு மெதுவாக வலது பக்கத்தில் வந்து சேர்ந்தது. முதலில் ஒரு நீலக் கோடு. பிறகு கொஞ்சம் அகலம். பிறகு கரை, நாணல், தண்ணீரின் மேல் ஒரு வெள்ளைக் கொக்கு. வண்டிகளின் இரைச்சல் எல்லாம் தூரத்துக்குப் போனது. ஆறு கீரிமலைப் பக்கம் திரும்புகிற வளைவில் அவர் ஒரு பாலம் கட்டத் தொடங்கியபோது...

"டிங், டிங், டிங்."

விழித்துக்கொண்டார். கார் நடுக்கோட்டை அணைத்துக்கொண்டு போயிருந்தது. திருப்பி எடுத்தார்.

இது பழைய முரட்டுச் சத்தம் அல்ல. கோயிலுக்குள் யாரோ சின்னமணி ஆட்டுவதுபோன்ற மெல்லிய சத்தம். குரலைக்கூடப் பிள்ளையார் திருத்திவிட்டார் என்று பரமலிங்கம் நினைத்தார்.

அடுத்தடுத்த வெள்ளிகளில் அது பிழைக்கவேயில்லை. ஆறு வந்து இரண்டாவது வளைவு எடுத்ததும் டிங், டிங். வீதியை நன்றாகப் பார்த்து ஓடும்போது ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் சோதிப்பதற்காக வேண்டுமென்றே முகிலைப் பார்த்து, வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டுமென்று யோசித்தார். கார் பேசாமல் இருந்தது. அதே முகிலைப் பார்த்து, அதில் ஒரு தோணியை வைத்து, தோணியில் ரீச்சரை இருத்தினார். டிங், டிங்!

"இது மனசைப் படிக்குது, தெரியுமோ?" என்று கண்ட கண்ட ஆட்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தார். "அரிசிக்கும் ஆத்துக்கும் வித்தியாசம் தெரியுது!"

மூன்று மாதம் அப்படிப் போனது. அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல மூன்று மாதம். வெள்ளிக்கிழமை விடிய ரீச்சர் காரின் பொட்டைத் தன் கையாலேயே புதுப்பிப்பார். பழைய சந்தனம் காய்ந்து உதிர விடமாட்டார். பிறகு பக்கத்தில் ஏறி உட்காருவார். வெட்டிவேர் வாசமும் ஈரத் தலைமுடி வாசமும் காரை நிறைக்கும். கீரிமலைக் கேணிப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருவரும் நிற்பார்கள். இதற்கெல்லாம் காரணம் கார்தான் என்பதில் பரமலிங்கத்துக்கு ஒரு நன்றியும் இருந்தது, ஓரமாக ஒரு கவலையும் இருந்தது. மனிசி காரை நம்பித்தானே ஏறுகிறா? தன்னை நம்பி இல்லையே?

இடையில் ஒரு நாள் ஒயில் மாற்றக் குருநகர்ப் பக்கம் ஜெயசுதனின் கராஜுக்கு இருவரும் போனார்கள். கொம்பியூட்டர் வைத்துக் கார் பார்க்கிற கெட்டிக்காரப் பொடியன் அவன். அவன் காருக்குள் வேலை செய்ய, ரீச்சர் அவனோடு ஏதோ கதைத்துக்கொண்டு நின்றார். பரமலிங்கம் வெளியே போய்க் கடல்நீரேரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆற்றின் ஒரு கிளையை இந்தப் பக்கமும் விடலாமோ என்று யோசனை.

*

அந்தப் புதன்கிழமை ரீச்சர் கோப்பாயில் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார். ஓட்டோ வாசலில் நின்றது.

"நான் வரும்வரைக்கும் காரை எடுக்காதையுங்கோ என்னப்பா."

"ஏன்?"

"நீங்கள் தனிய ஓடி அதுக்குப் பழக்கமில்லை."

பரமலிங்கம் சிரித்தார். மனதைப் படிக்கிற காருக்கு என்ன பழக்கம் வேண்டும்? சுன்னாகத்தில் மூடியுள்ள எவர்சில்வர்ச் செம்பு ஒன்று பார்த்து வைத்திருந்தார். இனி எந்த பிறேக்குக்கும் பால் பயப்படத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை விடிய அதை ரீச்சரின் கையில் கொடுக்க வேண்டும். அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும்.

செம்பை வாங்கினார். பக்கத்து சீற்றில் வைத்தார். தோட்டப் பக்கத்து ஒழுங்கையால் திரும்பினார்.

ஆறு வந்தது. இன்றைக்கு அது அவசரப்படவில்லை. முதலாவது வளைவு. இரண்டாவது வளைவு. மணிச் சத்தம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. மூன்றாவது வளைவு, பாலம், பாலத்தின் கீழே நிழல். இவ்வளவு தூரம் அவர் ஒருநாளும் வந்ததேயில்லை. தண்ணீர் அகன்று, வெளிறி, உப்புக் காற்று முகத்தில் பட்டது. அதோ, கீரிமலை. முப்பது வருடத்துக்கு மேல் வெட்டிய ஆறு கடலுக்குள் இறங்கியது. பரமலிங்கத்தின் கண் நிறைந்துவிட்டது. தண்ணீரின் சலசலப்பு அவ்வளவு கிட்டக் கேட்டது. தண்ணீரின் குளிர்ச்சி காலடியில் தெரிந்தது. உண்மையாகவே தெரிந்தது.

"வாங்கோ பரமலிங்கண்ணை" என்றது ஒரு குரல். "நாலு வருஷமாக் காணேல்லை."

மார்க்கண்டு மண்வெட்டியோடு நின்றார். அதே தோட்டம். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த வாய்க்காலை உடைத்துக்கொண்டு கார் நடுப்பாத்தியில் புதைந்திருந்தது. சில்லுகளைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓடியது. கதவின் இடுக்கால் உள்ளேயும் வந்துகொண்டிருந்தது.

"எத்தினை பாத்தி?" என்று பரமலிங்கம் மெல்லக் கேட்டார்.

"போனமுறை பதினாறு. இந்தமுறை பத்தொன்பது. முன்னேறியிருக்கிறியள்."

"மார்க்கண்டு, உன்னைக் கும்பிட்டன். மனிசிக்கு மட்டும் சொல்லிப்போடாதை."

மார்க்கண்டு நல்ல மனிதர். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து கட்டி இழுத்து விட்டார். பொட்டு அழியாமல் காரின் முகத்தைக்கூடக் கழுவிவிட்டார்.

பரமலிங்கம் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஜெயசுதனின் கராஜுக்குப் போனார். கட்டியிருந்த சாரமெல்லாம் செம்மண்.

"தம்பி, இதை நீர் வெள்ளிக்கு முதல் திருத்தித் தரவேணும். இண்டைக்கு எழுப்பேல்லை. மூண்டு மாசமா ஒரு நாளும் பிழைக்காதது இண்டைக்கு ஒரு சத்தமும் போடேல்லை!"

ஜெயசுதன் காரை ஒருமுறை சுற்றி வந்தான். பொட்டைப் பார்த்தான். கண்ணாடித் திருநீற்றைப் பார்த்தான். பிள்ளையாரையும் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"கொம்பியூட்டரைக் கொளுவிப் பாரும் தம்பி. ஏன் சும்மா நிக்கிறீர்?"

"அங்கிள்... அது வந்து..."

"உமக்கு விளங்காது." பரமலிங்கம் அங்கே கிடந்த பழைய ரயரில் உட்கார்ந்துவிட்டார். கையில் அந்தச் செம்பு இருந்தது. "அவ என்னை நம்பி ஏறுறேல்லை. இந்தக் காரை நம்பித்தான் எனக்குப் பக்கத்திலை இருக்கிறா. இது ஏமாத்திப்போட்டுது எண்டு தெரிஞ்சா வெள்ளிக்கிழமை பஸ்ஸிலை போயிடுவா. பிறகு நான் ஆரோடை போறது?" செம்பின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

ஜெயசுதன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினான்.

"சொல்லக்கூடாதெண்டு ஒரு ஆளுக்கு வாக்குக் குடுத்தனான், அங்கிள். பரவாயில்லை. உங்கடை கார் நீங்கள் பூசை செய்த நாளிலையிருந்து குருடு. முன்னுக்குக் கண் சந்தனத்துக்குக் கீழை. மேல் கண் திருநீற்றுக்குப் பின்னாலை. உங்களைப் பாக்கிற கண்ணைப் பிள்ளையார் மறைச்சுக்கொண்டு நிக்கிறார். அந்தச் செம்மஞ்சள் லைற் அதைத்தான் சொல்லுது. மூண்டு மாசமா அது ஒண்டையும் பாக்கேல்லை."

பரமலிங்கம் அவனையே பார்த்தார். "பைத்தியமே உமக்கு? அப்ப அந்த மணி? ஒவ்வொரு வெள்ளியும், நான் ரெண்டாம் வளைவுக்கு வரேக்கை, டிங் டிங் எண்டு என்னை எழுப்பினது ஆர்?"

ஜெயசுதன் எழுந்து போய் மேசை லாச்சியைத் திறந்து, கொழும்பிலிருந்து வந்த சின்னப் பொதி ஒன்றைப் பிரித்தான். உள்ளே சிவப்புப் பொத்தான் வைத்த ஒரு பெல்ற்றுக் கொளுவி. அதைக் கொண்டுவந்து செம்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

"போனமாசம் நீங்கள் வெளியிலை கடலைப் பாத்துக்கொண்டு நிண்ட நேரம், 'கமராவைத் திருத்தாதையும் தம்பி, அந்த மனிசன் ஆறு வெட்டட்டும்' எண்டு சொல்லிப்போட்டு அன்ரி இதைத்தான் எடுப்பிச்சவா, அங்கிள், உங்கடை உதடு இறங்கேக்கையெல்லாம் மணியடிச்சு எழுப்பக் கழட்டிக் கழட்டிக் கொளுவினதிலை அவவின்ரை சீற் பெல்ற் தேஞ்சுபோச்சாம்."